ஆறு மாதம் முந்திய மாப்பிள்ளை

இப்போதைய சீரியல்களைப் பார்த்தால் எனக்கு யார்மீதும் சந்தேகமே வருவதில்லை. கதாநாயகி இன்றைக்குப் பாம்பாகிறாள், நாளைக்குச் சமையல் போட்டியில் ஜெயிக்கிறாள். இதை வைத்துக்கொண்டு யாரைச் சந்தேகப்படுவது? பழைய சீரியல்கள் அப்படி இல்லை. அரை மணி நேரத்தில் (விளம்பரம் போக இருபது நிமிடம்) சொந்த அப்பாவையே ஒரு மாதிரி பார்க்க வைத்துவிடும். அந்தப் பயிற்சியில் நான்தான் முதல் மாணவி.

ஆந்திரப் பக்கம் நாராயணவனத்தில் எங்கள் கேபிள்காரர் தெலுங்கு சேனல்களைத்தான் கொடுத்தார். சென்னையில் எடுத்த தமிழ் சீரியலையே தெலுங்கு பேசவைத்து, ஆறு மாதம் கழித்துப் போடுவார்கள். வீட்டில் தமிழ் பேசும் நாங்கள் தெலுங்கில் அழுதோம். எதிர்வீட்டு சரோஜாம்மா மட்டும் அழமாட்டார். "பாத்துக்கினே இரு, அந்த டாக்டரு நல்லவன் இல்ல" என்பார். பதினைந்தே நாளில் டாக்டர் மாட்டிக்கொள்வான். முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறவர் என்று தெருவே அவரை நம்பியது. அதனால்தான் தன் அண்ணன் மகனை என் அக்காவுக்கு அவர் பேசியபோது நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மறுகேள்வி கேட்கவில்லை. அதற்கு முன் அக்காவுக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போய்விடுமோ என்று பயந்துகொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளை சத்தியவேட்டுக்காரர். கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனி வேலை. நிச்சயத்துக்கு நாலு நாள் முன்பு, சென்னையில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய நான், பஸ் மாற சத்தியவேட்டில் இறங்கினேன். எங்கள் தெருவில் சரோஜாம்மா வீட்டில் மட்டும்தான் போன். வருவதைச் சொல்லலாம் என்று எஸ்.டி.டி. பூத்துக்குப் போனால், உள்ளே ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். போட்டோவில் பார்த்த அதே மீசை. மாப்பிள்ளையேதான். பூத்தின் கதவு சரியாக மூடவில்லை.

"மொத பொண்டாட்டி சாவல. பையனோட ஒளிஞ்சிக்கினு கீறா. கல்யாணத்தன்னிக்கு நேரா வந்து நிக்கப்போறா. யாராண்டயும் சொல்லிடாத."

போன் செய்யாமலேயே பஸ் ஏறிவிட்டேன்.

புத்தியுள்ள யாரும் அன்று மாலையே நைனாவிடம் சொல்லியிருப்பார்கள். நான் சீரியலில் படித்தவள். இந்த மாதிரி உண்மையைக் காபி குடிக்கும்போது சொல்லக்கூடாது, நாலு பேர் முன்னால் தட்டு மாற்றும்போதுதான் சொல்லவேண்டும். நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். (குளியலறையில் ஒத்திகை நடந்தது.) அக்கா புதுப்புடவையைக் கட்டிப் பார்த்துச் சிரித்தபோது, பாவம் என்று பெருமூச்சு விட்டேன்.

பெரியவர்கள் தட்டைக் கையில் எடுத்தார்கள். எழுந்து நின்றேன்.

"நிறுத்துங்க. இவருக்கு மொத பொண்டாட்டி உயிரோட கீறா. ஒரு பையனும் கீறான். பூத்துல இவரு பேசினத என் காதால கேட்டேன்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே பயம் வந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை, சரோஜாம்மாவைப் பார்த்தார். ஆக, இந்த அம்மாவும் கூட்டு என்று முடிவுகட்டினேன்.

"நீயே சொல்லிடு அத்த" என்றார் மாப்பிள்ளை.

"அது சீரியல்டி" என்றார் சரோஜாம்மா தரையைப் பார்த்துக்கொண்டு. "இவன் தமிழ்ல பாத்துட்டு வாரா வாரம் எனுக்கு போன்ல கதை சொல்லுவான்."

சீரியலெல்லாம் வேலையில்லாதவர்கள் பார்ப்பது என்று தினமும் சொல்லும் நைனா, கையில் தட்டோடு கேட்டார்: "அப்போ அவ சாவலியா?"

அதற்கப்புறம் மாப்பிள்ளையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பாதிப் பேர், "மொகத்தப் பாத்து சொல்றேன்னு தான சொன்ன?" என்று சரோஜாம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். மீதிப் பேர், ஆறு மாதக் கதையை ஒரே நிமிடத்தில் கெடுத்துவிட்டேன் என்று என்னைத் திட்டினார்கள். அந்தக் கலவரத்திலேயே தட்டு மாறியது. அக்கா கல்யாணம் வரை என்னோடு பேசவில்லை. வெளுத்துப்போன அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு நிச்சயம் எதுவும் என் அனுமதி இல்லாமல் நடப்பதில்லை. போன மாதம் அக்கா மகளுக்கு நிச்சயம். தட்டைக் கையில் எடுத்த மாமா (அன்றைய மாப்பிள்ளையேதான்), வழக்கம்போல் நிறுத்தி என் பக்கம் திரும்பினார்.

"மச்சினிச்சி, இன்னா, ஏதாச்சும் சொல்லணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினேன். ஆனால் அந்த மாப்பிள்ளைப் பையன் காலையிலிருந்து மூன்று தடவை போனை எடுத்துக்கொண்டு மாமரத்துப் பக்கம் போய்விட்டு வந்தான். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.