விடியலை வென்ற இருளாண்டி

ஒரு காட்டில், ஓடைக்கரை மருத மரப்பொந்தில், இருளாண்டி என்றோர் ஆந்தை இருந்தது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. பொழுது சாய்ந்ததும் மனைவி ஒச்சம்மாளோடு வேட்டைக்குக் கிளம்பும். வயிறு முட்ட எலி தின்னும். கிழக்கு வெளுக்கையில் இரண்டும் ஒட்டி உட்கார்ந்து ஊர்வம்பு பேசிவிட்டுத் தூங்கப் போகும்.

ஆனால் அந்த வழியே போகிற மானும் குரங்கும் அண்ணாந்து பார்த்து, "பட்டப்பகல்ல எப்படித் தூங்குது பாரு, சோம்பேறி!" என்று சொல்லாமல் போவதில்லை. அது இருளாண்டியின் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் அதே மரத்தடியில் மைக் கட்டினார்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளரான காட்டுச்சேவல் கோதண்டபாணி முகாம் நடத்த வந்திருந்தது.

"தூக்கம்தான் உங்கள் முதல் எதிரி! அதிகாலையில் எழுகிறவனுக்கே இந்தக் காடு!" என்று அது கூவிய கூவலில் இருளாண்டி பொந்திலிருந்து உருண்டு வெளியே வந்தது.

"ஐயா, நான் ராத்திரியெல்லாம் உழைச்சிட்டுத்தான் இப்ப..."

"பார்த்தீர்களா? இதற்குப் பெயர்தான் சாக்கு!" என்றது சேவல். கூட்டம் கை தட்டியது. இருளாண்டிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி இரவில் தூங்குவேன், விடியலில் எழுவேன், பகலெல்லாம் விழித்திருப்பேன் என்று அந்த இடத்திலேயே சபதம் செய்தது.

சபதம் செய்வது சுலபம். முதல் வாரம் உச்சிவெயிலில் கண் சொருகி, கிளையிலிருந்து தொப்பென்று விழுந்தது. காக்கைகள் கூட்டமாக வந்து துரத்தின. ஒரு காக்கை கொத்தியதில் இடது கண் பார்வை போனது. பகலில் எலி எங்கே வரும்? வெட்டுக்கிளியைத் தின்று நாளைக் கடத்தியது. இருளாண்டி விடவில்லை. தூக்கம் வந்தால் முள்மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"என்னங்க, எலும்பும் இறகுமா ஆயிட்டீங்களே," என்றாள் ஒச்சம்மாள்.

"வெற்றிக்கு விலை கொடுக்கணும் ஒச்சம்மா."

"அந்த விலைக்கு ரெண்டு எலி கிடைக்குமான்னு உங்க கோதண்டபாணிகிட்டக் கேளுங்க."

கடைசியில் பகல் முழுதும் கொட்டாவி விடாமல் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டது. காடே அசந்துபோனது. சேவல் பாராட்டு விழா எடுத்தது. மரத்துக்கு மரம் பேனர். சிறப்பு விருந்தினரான சிங்கம் நண்பகலுக்கு மேல் எழுந்து, தூக்கக் கலக்கத்தோடு வந்து, "விடியல் வேந்தன்" என்ற பட்டத்தைக் கொடுத்துப் பொன்னாடை போர்த்தியது. இருளாண்டி மேடையிலிருந்து ஒற்றைக் கண்ணால் கூட்டத்தைத் துழாவியது. ஒச்சம்மாளைக் காணவில்லை.

வீட்டுக்குப் போனால் அவள் தாய்வீட்டுக்குக் கிளம்பி நின்றாள்.

"நீங்க எந்திரிக்கிறப்ப நான் தூங்கப் போறேன். நான் எந்திரிக்கிறப்ப நீங்க குறட்டை. இதுக்குப் பேரு குடும்பமா? ரெண்டு வாட்ச்மேன் டூட்டி மாத்துற மாதிரி இருக்கு!" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனாள்.

இருளாண்டி பொன்னாடையோடு சேவலிடம் ஓடியது. "ஐயா, ஜெயிச்சிட்டேன். ஆனா பசி உயிர் போகுது. பொண்டாட்டியும் போயிட்டா."

சேவல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "யோவ், நீ இன்னுமா இரை தேடுறே? நான் குப்பையைக் கிளறி எத்தனை வருஷமாச்சு தெரியுமா? பட்டம் இருக்குல்ல? போய்ப் பேசு. கேக்க வர்றவன் சோறு கொண்டுவருவான்."

அப்படியே ஆனது. தினமும் விடியலில் இருளாண்டி பேசியது. ஆளுக்கொரு எலியோடு காட்டுப்பூனையும் மரநாயும் நரியும் வந்து வரிசையில் உட்கார்ந்தன. மீந்ததை வைக்கப் பொந்தில் இடமில்லை.

ஒருநாள் அந்திப்பொழுதில் கொழுத்த எலியாக ஒன்றை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய், "வந்துடு ஒச்சம்மா. இப்பப் பேசுறதுக்கே எலி கிடைக்குது. நீ இல்லாம எதுவும் ருசிக்கல," என்றது.

அவள் எலியை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "பேச்சு எத்தனை மணிக்கு?"

"விடியக்காலைல."

"அட கூறுகெட்ட மனுஷா! அந்நேரத்துக்கு நாம எப்பவும் முழிச்சிட்டுத்தானே இருப்போம்? ராவெல்லாம் எங்கூட இருங்க. விடிஞ்சதும் போய்ப் பேசுங்க. பேசிட்டு வந்து தூங்குங்க. அங்க எவனுக்குத் தெரியப்போவுது?"

இருளாண்டிக்கு முள்மரமும் வெட்டுக்கிளியும் போன கண்ணும் நினைவுக்கு வந்தன. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவளருகே போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

மறுவாரம் பேச்சு முடிந்து கிளம்பும்போது மரநாய் ஒன்று வழிமறித்தது. விலா எலும்பு தெரிந்தது. "ஐயா, நீங்க சொன்னபடியே பகல்ல தூங்குறதை விட்டுட்டேன். உடம்பு போச்சு. வீட்டுலயும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. என்ன செய்ய?"

இருளாண்டி உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அலகைத் திறந்தது. அலகிலிருந்து மரநாய் கொடுத்த எலி நழுவப் பார்த்தது. சட்டென்று கவ்விக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க தம்பி," என்றது வாயில் எலியோடு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தூக்கம் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. வீட்டைப் பார்த்துப் பறந்தது.

நீதி: விடாமுயற்சி சோறு போடாது, விடாமுயற்சியைப் பற்றிய பேச்சு போடும். ஆகவே பிள்ளைகளே, பேசுகிற பக்கத்தில் உட்காருங்கள்.