நோயாளி வேஷம்

"கண்மணி கீழ்நோக்கித் துடிக்குது சார்" என்றான் முதல் மாணவன்.

கட்டிலில் படுத்திருந்த நாடகக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கீழ்நோக்கியா? என்ன அநியாயம்!

மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் தேர்வு. நிஜ நோயாளியை ஒவ்வொரு மாணவனும் தட்டிக் கொட்டிப் பார்த்தால் அவர் பாடு என்னாவது என்று, நடிக்கத் தெரிந்த இவரை அழைத்திருந்தார்கள். கண்மணி இரண்டும் பக்கவாட்டில் வெடவெடவென்று ஆட வேண்டும். அதுதான் வேஷம். "வீட்டுக்குள்ள இப்படி முழிக்காதீங்க, பிள்ளைங்க அலறுதுங்க" என்று மனைவி திட்டத் திட்ட, கண்ணாடி முன் உட்கார்ந்து பழகிய வித்தை.

"பக்கவாட்டுல ஆடுறதுகூடவா தெரியல? தப்பு. அடுத்த ஆள்!" என்றார் பேராசிரியர், மதிப்பெண் தாளிலிருந்து தலை தூக்காமலே.

நம் நடிப்பில்தான் உப்புச்சப்பு இல்லையோ என்று, நாடகக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஆட்டினார்.

இரண்டாவது மாணவன் குனிந்து பார்த்தான். குழம்பினான். "பக்கவாட்டுல கொஞ்சம் ஆடுது சார். ஆனா அது அப்பப்ப நின்னுடுது. கீழ துடிக்கிறதுதான் நிக்கவே இல்ல."

"உளறாதே. தப்பு."

நாடகக்காரரால் பொறுக்க முடியவில்லை. "வெளிச்சம் பத்தல சார். பெரிய விளக்கு ஒண்ணு போடுங்க. என் உழைப்பு இவங்க கண்ணுக்குத் தெரியட்டும்."

விளக்கு வந்தது. அதன் பிறகு வந்தவர்கள் கொஞ்சமும் சந்தேகமில்லாமல், அடித்துச் சொன்னார்கள்: "கீழ்நோக்கி, சார்."

"எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டு வர்றாங்க!" என்று பேராசிரியர் மேசையைத் தட்டினார். "ஒருத்தன் சொன்ன தப்பை அப்படியே வரிசையா ஒப்பிக்கிறாங்க. மொத்த வகுப்பும் பெயில்!"

"பண்ணுங்க சார்! இதுங்ககிட்ட நாளைக்கு நம்ம உயிரைக் குடுக்கணுமா? கீழுக்கும் பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாததுங்க!" நாடகக்காரர் கட்டிலிலேயே எழுந்து நின்று கத்தினார். முப்பது வருஷ மேடையில் இப்படி ஒரு அவமானம் அவருக்கு நேர்ந்ததில்லை. வசனம் மறந்த நாளில்கூடக் கைதட்டல் வாங்கிய மனிதர்.

பேராசிரியர் விடுவிடுவென்று வெளியேறினார். விளக்கை அணைத்தார்கள். அறை காலியானது.

நாடகக்காரர் ஆஸ்பத்திரி அங்கியைக் கழற்றி வீசிவிட்டு, தன் சட்டையை மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பெயிலான மாணவிகளில் ஒருத்தி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னம்மா, சிபாரிசுக்கு வந்தியா? நடக்காது. மனுஷன் கண்ணு வலிக்க வலிக்க ஆட்டுறேன், கூசாம கீழ்நோக்கிங்கறீங்க!"

அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தாள்.

"சார், நீங்க இப்ப நடிக்கலதானே?"

"பரீட்சைதான் முடிஞ்சுதே! இனிமே யாருக்கும்மா நடிக்கணும்?"

அவள் மெதுவாக எழுந்து, அவர் கையிலிருந்த காபியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அப்போ வாங்க சார், ஸ்கேன் எடுத்துடலாம்... உங்க கண்ணு இன்னும் கீழ்நோக்கித்தான் துடிக்குது."