மூன்றாம் முடிச்சும் முப்பது ஊசியும்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: என் அண்ணியின் கழுத்தை நான் கடிக்கவில்லை. படத்தில் அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான். இதை நான் மூன்று வருடமாக, மலேசியாவில் எங்கள் ஊர் ரந்தாவிலிருந்து அண்ணியின் ஊர் புக்கிட் பெலண்டோக் வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். பிறகு படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்க்கிறார்கள்.

எல்லாம் என் உள்ளங்கையால் வந்தது. எனக்குக் கை வியர்க்கும். வெயிலில் நடந்தால் உங்களுக்கு வருமே, அந்தச் சாதாரண வியர்வை இல்லை. குளிரூட்டிய அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே விரல் நுனியில் சொட்டுத் திரண்டு கீழே விழும். தமிழ்ப்பள்ளியில் பரீட்சைத் தாளுக்கு மேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் கையை வைத்து எழுதியவள் நான். (விடை தெரியாத இடத்தில் மட்டும் கைக்குட்டையை எடுத்துவிடுவேன். மை கரைந்துவிட்டது டீச்சர் என்று சொல்லிக்கொள்ளலாம்.) செம்பனை எண்ணெய் ஆலை அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது, அங்கிருந்த கைரேகை இயந்திரம் நான் என்று ஒருத்தி இந்த உலகத்திலேயே இல்லை என்று மூன்று மாதம் சாதித்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அண்ணனின் நிச்சயதார்த்தத்தில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அண்ணன் முகிலனுக்குப் பார்த்த பெண் கோமதி, புக்கிட் பெலண்டோக்காரர், பள்ளி ஆசிரியை. மாப்பிள்ளையின் ஒரே தங்கை என்பதால் பெண்ணுக்குக் குங்குமம் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். விரல் ஈரத்தில் குங்குமம் கரைந்து, நெற்றியிலிருந்து மூக்கு வழியாக ஒரே கோடாக இறங்கியது. அந்தப் படங்களில் அண்ணி, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து எழுந்து நேராக நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர் மாதிரி இருப்பார்.

அண்ணி சிரித்துவிட்டார். அவருடைய அத்தை சிரிக்கவில்லை.

"ஏம்மா, நாளைக்குக் கல்யாணத்துல நாத்தனார் முடிச்சும் இந்தப் பொண்ணுதானா?" என்று என் அம்மாவிடம், கூடமே கேட்கும்படி கிசுகிசுத்தார். "கயித்துல உள்ள மஞ்சளெல்லாம் கரைஞ்சி பட்டுப் பொடவைல எறங்கிரும் லா. வேற யாரும் இல்லியா?"

மூன்று முடிச்சில் முதலாவது மாப்பிள்ளைக்கு, மற்ற இரண்டும் அவருடைய தங்கைக்கு. பிறந்ததிலிருந்து எனக்கு ஒதுக்கிய ஒரே பதவி அது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரில், அம்மா மெதுவாக ஆரம்பித்தார்: "வேணும்னா பெரியம்மா மகளப் போடச் சொல்லலாமா...?"

அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். "தர்ஷினிதான் போடணும். கயிறு நனைஞ்சா நனையட்டும்மா."

அந்த ஒரு வார்த்தைக்காகவே முடிவு செய்தேன். முடிச்சை நான்தான் போடுவேன். அதுவும் காய்ந்த கையால்.

எதையாவது பிடித்துக்கொண்டால் முழுசாகப் பிடித்துக்கொள்வது என் குணம். ஒரு வாரத்தில் என் கைப்பேசி முழுக்க மருத்துவம். போடோக்ஸ் என்றால் நடிகைகளின் நெற்றிச் சுருக்கத்துக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அது கெட்டுப்போன உணவில் ஒரு கிருமி உண்டாக்கும் கொடிய நஞ்சு. அதையே மிக மிகச் சிறிய அளவில் ஊசியாகப் போட்டால், நரம்பு அனுப்பும் கட்டளையைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கிறது. கண்ணிமை தானாக இறுக மூடிக்கொள்பவர்களுக்குப் போடுகிறார்கள். பக்கவாதத்தில் கை முறுக்கிக்கொண்டவர்களுக்கும், விடாத ஒற்றைத் தலைவலிக்கும் போடுகிறார்கள். வியர்வைச் சுரப்பிக்குப் போகும் கட்டளையையும் அது நிறுத்தும் என்று படித்தபோது, என் கண்ணிலிருந்தும் வியர்த்தது.

கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கும்போது சிரம்பானில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். டாக்டரம்மா என் உள்ளங்கையில் அயோடின் தடவி, மேலே மாவைத் தூவினார். வியர்க்கும் இடம் கறுத்துக் காட்டும் என்றார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கையும் முழுசாகக் கறுத்துவிட்டன. அவர் தாதியைக் கூப்பிட்டு, "வந்து பாருங்க" என்றார். (எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.)

பிறகு சொன்னார்: "இதுல ஒரு விஷயம் இருக்கு. சில பேருக்கு விரல் பிடிப்பு கொஞ்ச வாரம் தளர்ந்துபோகும். முக்கியமா கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளுற பலம். அதனால இன்னிக்கு இடது கை மட்டும் போடலாம். வலது அடுத்த மாசம்."

"இல்ல டாக்டர், ரெண்டும் இன்னிக்கே."

"கையால நுணுக்கமா செய்யிற வேலை ஏதாச்சும் இருக்கா? தையல், வீணை, அந்த மாதிரி?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். கல்யாணம்தான்."

"உங்களுக்கா?"

"அண்ணனுக்கு."

"அப்ப நீங்க சும்மா நிக்கிறவங்கதானே?"

"ஆமா டாக்டர், சும்மா நிக்கிறவதான்."

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, அந்தப் பெண்ணின் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. அத்தனை பக்கம் படித்தவளுக்கு முடிச்சுப் போடுவது விரல் வேலை என்பது தெரியவில்லை. அது சடங்கு, சாமி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டாள்.

ஒரு கைக்கு முப்பது ஊசி. வலி தெரியாமலிருக்கப் பனிக்கட்டி வைத்தார்கள். பனிக்கட்டிதான் உருகிப்போனது, என் கை கடைசிவரை விழிப்பாகவே இருந்தது. பன்னிரண்டாவது ஊசியில் அண்ணியின் அத்தையை நினைத்துக்கொண்டேன். மிச்சத்தைப் பல்லைக் கடித்துத் தாங்கினேன். (பல் பின்னாலும் உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.)

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அம்மா என் கைப்பையில் கிளினிக் அட்டையைக் கண்டுபிடித்தார். அவ்வளவுதான், பெரியம்மாவும் வந்துவிட்டார். இருவரும் என்னை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"சிரி பாப்போம்," என்றார் அம்மா.

சிரித்தேன்.

"கோணுதா பாருங்கக்கா."

"நெத்திய சுருக்குடி," என்றார் பெரியம்மா. "சுருங்குதே. அப்ப மருந்து வேலை செய்யல. ஏமாத்திட்டானுங்க."

"மூஞ்சில இல்ல பெரியம்மா, கைல!" என்று ஆரம்பித்து, கண்ணிமை, பக்கவாதம், தலைவலி என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். பெரியம்மா முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "வெசத்தைக் கைல போட்டுக்கிட்டா எனக்குச் சோறு பெசஞ்சு குடுத்த?"

ஆறாம் நாள் காலையில் எழுந்தேன். கை காய்ந்திருந்தது! துடைத்த பலகைபோல! அலுவலக இயந்திரம் முதல் தொடுதலிலேயே பச்சை விளக்கைக் காட்டியது. காவல்காரர், கணக்கெழுதும் கிராணி, லாரி டிரைவர் என்று ஆலையில் கண்ணில் பட்ட அத்தனை பேரிடமும் கைகுலுக்கினேன். நான் வேலையை விட்டுப் போகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் வாழ்த்தினார்கள்.

பத்தாம் நாள் ஊறுகாய்ப் போத்தல் திறக்கவில்லை. மூடி இறுக்கம் என்று விட்டுவிட்டேன். பிறகு சாவி திரும்பவில்லை. பிறகு சேலை ஊக்கு குத்தவில்லை. அப்போதுதான் டாக்டரம்மாவின் குரல் காதில் கேட்டது: "கிள்ளுற பலம்."

மஞ்சள் கயிறு வாங்கிவந்து அறையைப் பூட்டிக்கொண்டேன். (பூட்டவே இரண்டு கையும் வேண்டியிருந்தது.) நாற்காலிக் காலில் கட்டிப் பார்த்தேன். சுற்ற முடிந்தது, நுழைக்க முடிந்தது, ஆனால் நுனியைப் பிடித்து இழுக்கும்போது விரல் பஞ்சாக வழுக்கியது. போன் போட்டேன். டாக்டரம்மா, "சில வாரத்துல சரியாயிரும்மா, பயப்படாதீங்க" என்றார். எனக்கு இருந்தது ஆறு நாள்.

பெரியம்மா மகளிடம் கொடுத்துவிடலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. 'கயிறு நனைஞ்சா நனையட்டும்' என்ற அண்ணனிடம், 'கயிறு காஞ்சிருக்குண்ணே, ஆனா கட்ட முடியல' என்று எப்படிச் சொல்வது? ஆறு நாளும் நாற்காலிக்குத் தாலி கட்டினேன். மேசை விசிறிக்கும் கட்டினேன். இரண்டாம் முடிச்சை விரல் இடுக்கில் சிக்கவைத்து இழுக்கும் வித்தை பிடிபட்டது. மூன்றாவதுக்குக் கயிறு மிச்சமிருப்பது கொஞ்சம்தான், சிக்கவைக்க இடமில்லை. அதை ஒவ்வொரு தடவையும் பல்லால் இழுத்து முடித்தேன். 'அங்கே சாமி பார்த்துக்கொள்ளும்' என்று மறுபடியும் நினைத்தேன்.

கல்யாணம் சிரம்பான் மண்டபத்தில். கெட்டிமேளம் முழங்கியது. அண்ணன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். நான் அண்ணியின் பின்னால் குனிந்தேன். அண்ணியின் அத்தை மேடை ஓரத்தில் ஒரு வெள்ளைத் துண்டோடு தயாராக நின்றிருந்தார், என் வெள்ளத்தைத் தடுக்க.

இரண்டாம் முடிச்சு விழுந்தது. அத்தையின் துண்டு கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. அட்சதை எல்லாருக்கும் தீர்ந்துவிட்டது. சிலர் கீழே விழுந்ததைப் பொறுக்கி இரண்டாம் தடவை போட்டார்கள். நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டே, ஒரு கண்ணால் என்னைக் கெஞ்சினார். மேளக்காரருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. (மண்டபத்தில் வியர்க்காத ஒரே கை என்னுடையது.)

"சீக்கிரம்மா," என்றார் ஐயர்.

"தர்ஷினி," என்றார் அண்ணி, உதடு அசையாமல், "கழுத்து வலிக்குது லா."

"ரெண்டு நிமிசம் அண்ணி."

"ரெண்டு நிமிசமா?"

அத்தை மேடையேறி வருவது தெரிந்தது. வந்தால் கயிறு கைமாறிவிடும். மாலை பெரிய மாலை, என் தலையை மறைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். குனிந்தேன். ஒரு நுனியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அழுத்திக்கொண்டேன். இன்னொரு நுனியைப் பல்லால் கவ்வினேன். உயிரைக் கொடுத்து இழுத்தேன்.

முடிச்சு இறுகியது. அதே நேரத்தில் மண்டபம் முழுக்க "ஐயோ!" என்றது.

நிமிர்ந்தேன். மேடைக்கு இரண்டு பக்கமும் ஆளுயரத் திரை இருந்ததையும், எங்கள் பின்னால் ஒரு கேமராக்காரர் நின்றதையும் அப்போதுதான் பார்த்தேன். இரண்டு திரையிலும் மணப்பெண்ணின் கழுத்து, அதன்மேல் என் வாய், பிதுங்கிய என் கண். அண்ணி வலியில் முகத்தைச் சுளித்திருந்தது படத்துக்கு இன்னும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

அத்தை என்னை விலக்கிவிட்டு முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். துண்டால் கயிற்றை ஒற்றிப் பார்த்தார்.

"காஞ்சிதான் இருக்கு," என்றார், ஏமாந்த குரலில்.

கல்யாணமாகி ஐந்தாம் மாதம் கயிற்றைப் பிரித்துத் தங்கச் சங்கிலியில் கோர்க்கும் சடங்கு வந்தது. என் விரல்களுக்குப் பலம் எப்போதோ திரும்பிவிட்டது. ஆனால் மூன்றாம் முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. இரண்டு அத்தைகள், ஒரு கொண்டை ஊசி, அரைக் கரண்டி தேங்காய் எண்ணெய், ஒன்றும் நடக்கவில்லை. கத்தரிக்கோலை வாயால் சொல்லவே கூடாது. கடைசியில் அண்ணியின் அத்தையே, "கட்டுனவளே அவுக்கட்டும், அதே மாதிரி" என்றார். எல்லாரும் கைப்பேசியை எடுத்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

இப்போதும் ஊசி போட்டுக்கொள்கிறேன், ஒரு தடவைக்கு ஒரு கை. டாக்டரம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அதிலிருந்து அவர், புதிதாக வருபவர்களிடம் "தையல், வீணை, ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டு நிறுத்துவதில்லை. "வீட்டுல கல்யாணம் இருந்தா நீங்க நாத்தனாரா?" என்றும் கேட்கிறாராம்.

வீட்டில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் சண்டை வந்து, குரல் உயர்ந்தால், அண்ணி தாலிச் சங்கிலியைத் தூக்கிக் காட்டுவார்:

"கயிறு பிரிச்ச அன்னிக்கு நீங்க போட்ட முடிச்சு தொட்டதும் அவுந்துச்சுங்க. என்னை இந்த வீட்டுல புடிச்சி வச்சிருக்கிறது உங்க தங்கச்சி பல்லுதான்."