மாடிப்படில மாட்டிக்கிட்ட நாலு சக்கரம்

அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். பொண்ணோட வண்டியைத் தூக்கிக்கிட்டுப் போய் மொட்டைமாடி ரூம்ல வைக்கணும். அரை மணி நேர வேலை.

வண்டின்னா மூணு சக்கர சைக்கிள் இல்லீங்க. குவாட் பைக். குழந்தைங்க ஓட்டற சைஸ்தான், ஆனா நாலு குண்டு டயர், பெட்ரோல் இன்ஜின், செயின், ஹேண்டில்பார்னு எல்லாமே நிஜம். எடை ஒரு அரிசி மூட்டை இருக்கும்.

கனடாவுல இருக்கிற என் மச்சான், அதாவது என் பொண்டாட்டி மாலதியோட அண்ணன் அனுப்பினது. அவரோட சிநேகிதர் ஒருத்தர் குடும்பத்தோட பெங்களூருக்கே திரும்பி வந்தப்போ, அவங்க வீட்டு சாமானோட இதையும் கப்பல்ல ஏத்தி விட்டுட்டாரு. செல்போன்ல எல்லாரும் பாம்பு கேம் விளையாடிக்கிட்டிருந்த காலம் அது. எங்க மல்லேஸ்வரம் சந்துல அந்த வண்டி வந்து இறங்கினப்போ கூடின கூட்டம் தேருக்குக்கூடக் கூடியிருக்காது.

டிசம்பர் பொறந்ததும் மச்சான் போன் பண்ணினாரு.

"மாப்ளே, வின்டர் வந்துடுச்சே, வண்டி எங்கே?"

"வாசல்லதான் நிக்குது மச்சான்."

"வாசல்லயா!" குழந்தையை பஸ் ஸ்டாண்டுல மறந்துட்டு வந்தவன்கிட்ட பேசற மாதிரி பதறினாரு. "பெட்ரோலை வடிக்கணும். பேட்டரியைக் கழட்டணும். காஞ்ச இடமா பாத்து உள்ளே வைக்கணும். டயர் தரையில படவே கூடாது, கல்லு குடுத்துத் தூக்கி நிறுத்தணும். எழுதிக்கோங்க."

"மச்சான், இங்கே பனியெல்லாம் கொட்டாது. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு போண்டா சாப்பிடற குளிர்தான்."

"குளிர் குளிர்தான் மாப்ளே. பிப்ரவரில வருவேன். வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாப்பேன்."

எழுதிக்கிட்டேன்.

நாங்க குடியிருந்தது கீழ் வீடு. மேல் வீட்டுல ஓனர் கிருஷ்ணமூர்த்தி சார். ரொம்ப காலமா பெங்களூர்லயே இருக்கிற தமிழ்க் குடும்பம். கோபம் வந்தா மட்டும் கன்னடத்துக்கு மாறிடுவாரு. அரசாங்க இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவரு. இந்த வீட்டுக்கு பிளான் போட்டதும் அவரேதான். அதுலயும் அந்த மாடிப்படி மேல அவருக்கு அப்படி ஒரு பெருமை.

"ஒரு இன்ச் இடம் வேஸ்ட் பண்ணல, பாத்தீங்களா சேகர்?"ன்னு கேப்பாரு.

வாஸ்தவம்தான். ஒருத்தர் ஏறும்போது இன்னொருத்தர் இறங்கினா, ரெண்டு பேரும் பல்லி மாதிரி சுவத்துல ஒட்டிக்கணும்.

மொட்டைமாடி ரூம் சாவியை முந்தின வாரமே வாங்கி வெச்சுட்டேன். ஒத்தாசைக்கு பாஸ்கரைக் கூப்பிட்டேன். பீன்யாவுல என்கூட ஒரே ஃபேக்டரில வேலை பாக்கறவன்.

"டேய், நான் லேத் மெஷினையே தூக்கி வெச்சவன்டா. இதெல்லாம் ஒரு வெயிட்டா?"ன்னான்.

அப்புறம் விசாரிச்சா, தூக்கினது கிரேனாம். இவன் பக்கத்துல நின்னு கை காட்டினானாம்.

டியூப் விட்டு பெட்ரோலை வடிச்சேன். பேட்டரியைக் கழட்ட ஸ்பேனர் கிடைக்கல. சரி, மேல போய்ப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். பாஸ்கர் முன் பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு பின்பக்கமாவே நடந்து படி ஏறினான். நான் பின் பக்கத்தைத் தாங்கிக்கிட்டு கீழே இருந்து ஏறினேன்.

முதல் எட்டு படி ஜோரா போச்சு.

படி திரும்பற இடத்துல 'கிர்ர்ர்'னு ஒரு சத்தம். வண்டி நின்னுடுச்சு.

பாத்தா, ஹேண்டில்பார் ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பிக்குள்ள போய் உக்காந்திருக்கு. வலது பக்கம் ரெண்டு டயரும் சுவத்துல அழுந்தியிருக்கு.

"இழுடா!"ன்னேன். இழுத்தான். வரல.

"தள்ளுடா!"ன்னான். தள்ளினேன். போகல.

"சரி, கீழேயே இறக்கிடலாம்"னேன். ரெண்டு பேரும் தொங்கினோம். ம்ஹூம்! அந்த வண்டி அங்கேயே பொறந்து வளந்த மாதிரி நின்னுச்சு.

அப்போதான் மேல் வீட்டுக் கதவு திறந்துச்சு. நாலஞ்சு பேர் செருப்பு மாட்டற சத்தம்.

"பாத்து இறங்குங்க, படி கொஞ்சம் குறுகல்"னு ஓனர் குரல். அவர் வாயாலேயே!

கீழே இருந்து மாலதி ஓடி வந்தா. வண்டியைப் பாத்தா, என்னைப் பாத்தா, தலையில கையை வெச்சுக்கிட்டா.

"என்னங்க இது! இன்னிக்கு வித்யாவைப் பொண்ணு பாக்க வர்றாங்க, படிப் பக்கமே போகாதீங்கன்னு மூணு தடவை சொன்னேனே!"

மூணு தடவையும் நான் 'ம்'னு சொன்னது ஞாபகம் இருக்கு. எதுக்கு சொன்னேங்கிறதுதான் ஞாபகம் இல்ல.

வித்யா ஓனரோட ஒரே பொண்ணு. இது அஞ்சாவது வரன். மாப்பிள்ளைப் பையன் பேரு ரகு, சென்னையில சாஃப்ட்வேர். அப்பா அம்மாவோட காலைல வந்து, கேசரி பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டு, "ஊருக்குப் போய் போன் பண்றோம்"னு சொல்லிட்டு எழுந்திருக்காங்க. அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். நாலு வரனும் அப்படித்தான் சொல்லிட்டுப் போச்சு. நாலு போனும் வரல.

ஓனர் எட்டிப் பாத்தாரு.

"ஏனிது?"ன்னு கன்னடத்துல ஆரம்பிச்சாரு. சரி, கோபம்தான்.

"சார், வின்டருக்காக..."ன்னு ஆரம்பிச்சேன்.

"மணி பன்னெண்டேகால்"னாரு மாப்பிள்ளையோட அப்பா. ஒன்றரைக்கு அவங்களுக்கு ரயில். அன்னைக்கு அவர் பேசினதெல்லாம் மணி மட்டும்தான்.

பாஸ்கருக்கு ஒரு யோசனை. "சிம்பிள் சார். சீட்டுல உக்காந்து அந்தப் பக்கம் காலைப் போட்டு இறங்கிட்டா போச்சு. அம்மா, நீங்க முதல்ல வாங்க. நான் பிடிச்சுக்கறேன்."

மாப்பிள்ளையோட அம்மா நல்ல வாட்டசாட்டமான அம்மா. மாம்பழக் கலர் காஞ்சிபுரம் பட்டு. சாமியைக் கும்பிட்டுக்கிட்டு சீட்டுல ஒரு பக்கமா உக்காந்தாங்க. பிடிமானத்துக்கு ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிச்சாங்க.

அங்கேதான் ஹார்ன் பட்டன்.

குழந்தைக்கு ஆசையா இருக்குமேன்னு போன மாசம் பாஸ்கர் ஒரு ஹார்ன் வாங்கி மாட்டியிருந்தான். லாரி ஹார்ன்!

அந்தக் குறுகல் படிக்கட்டுக்குள்ள அது அடிச்ச சத்தத்துல தெரு நாய் எல்லாம் ஒரே நேரத்துல குரைச்சுது. அந்த அம்மா "முருகா!"ன்னு துள்ளினாங்க. வண்டி ஆடிச்சு. விழுந்துடப் போறாங்கன்னு நான் கீழே இருந்து வண்டியை ஒரு தள்ளு தள்ளினேன். பின் சக்கரம் அரை சுத்து சுத்திச்சு.

முந்தானை செயினுக்குள்ள போயிடுச்சு.

இப்போ நிலவரம் என்னன்னா, வண்டி படியில மாட்டியிருக்கு, அம்மா வண்டியில மாட்டியிருக்காங்க. போதாக்குறைக்கு, கடைசி சொட்டு வரைக்கும் வடிச்சுட்டேன்னு நான் நெனச்ச பெட்ரோல் இப்போ 'டொக், டொக்'னு படியில சொட்டுது.

ஓனரம்மா மேல இருந்து பாசமா, "பதட்டப்படாதீங்க, எல்லாருக்கும் ஒரு வாய் காபி போடறேன்"னாங்க.

"கேஸைப் பத்த வைக்காதே!"ன்னு ஓனர், நான், பாஸ்கர் மூணு பேரும் ஒரே குரல்ல கத்தினோம்.

"பன்னெண்டு நாப்பது"ன்னாரு மாப்பிள்ளையோட அப்பா.

நான் முந்தானையைப் பிடிச்சு மெதுவா இழுக்கப் பாத்தேன்.

"அதைத் தொடாதீங்க அண்ணா!"

மேல இருந்து ஒரு குரல். ஓனர் குரல் இல்ல. பரேடு மைதானத்துல கேக்கற மாதிரி குரல். வித்யா!

தழையத் தழையப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிப்பூ, கொசுவத்தைத் தூக்கி இடுப்புல சொருகிக்கிட்டு இறங்கி வர்றா.

"அப்பா, பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சீங்களே என் டூல் பாக்ஸ், அதை எடுங்க."

ஓனர் முகம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

விஷயம் இதுதான். பொண்ணு டீச்சர்னு மட்டும் மாப்பிள்ளை வீட்டுல சொல்லியிருக்காரு. என்ன டீச்சர்னு சொல்லல. வித்யா பாலிடெக்னிக்ல ஒர்க்‌ஷாப் நடத்தறவ. அறுபது பசங்களுக்கு லேத்தும் வெல்டிங்கும் சொல்லிக் குடுக்கறா. முன்னாடி வந்த வரனுங்க அதைக் கேட்டதும் பின்வாங்கினதால இந்தத் தடவை டூல் பாக்ஸையே மறைச்சுட்டாரு.

வித்யா படியில உக்காந்தா. "ஆன்ட்டி, அசையாதீங்க. புடவைக்கு ஒண்ணும் ஆகாம எடுத்துடறேன்."

"கல்யாண நாளுக்கு எடுத்ததும்மா"ன்னு அந்த அம்மா கிட்டத்தட்ட அழுதாங்க.

சீட்டுக்கு அடியில கையை விட்டு, செயினைப் பின்பக்கமா ஒரு பல், ஒரு பல்லா நகத்தினா. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு விரல் அளவு துணி வெளியே வந்துச்சு. முழு முந்தானையும் வந்துடுச்சு. ஒரே கிரீஸ் கறை. ஆனா ஒரு இழை கிழியல!

"ராசாத்தி!"ன்னாங்க அந்த அம்மா.

அம்மாவைக் கை குடுத்து மேலேயே ஏத்தி விட்டுட்டு, வித்யா ஸ்பேனரை எடுத்தா.

"இடது பக்கம் ரெண்டு சக்கரத்தையும் கழட்டினா வண்டி சாஞ்சு வந்துடும். மொத்தம் எட்டு நட்டு. யாராவது வாங்கி வெச்சுக்கோங்க, தொலையக் கூடாது."

ரகு முன்னால வந்து கர்ச்சீப்பை விரிச்சான். அதுவரைக்கும் அவன் வாயைத் திறந்து நான் பாக்கல.

"உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"ன்னு கேட்டான்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குக் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணத் தெரியும். நிறைய பிரச்சனை அதுலயே சரியாயிடும்."

வித்யா சிரிச்சா. மேல ஹால்ல ஒரு மணி நேரம் எதிரெதிரா உக்காந்தும் ரெண்டு பேரும் பேசினது 'காபி நல்லா இருந்துது', 'தேங்க்ஸ்' மட்டும்தானாம். மாலதி அப்புறம் சொன்னா.

முன் சக்கரம் வந்துடுச்சு. பின் சக்கரத்து நட்டு மேல் படியில இருந்து அவளுக்கு எட்டல. ஸ்பேனரை என்கிட்ட நீட்டினா. நானும் ஃபேக்டரில இருக்கிறவன்தானேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு முக்கித் திருப்பினேன்.

"அண்ணா, அது இறுக்கற பக்கம்."

பாஸ்கர் மேல இருந்து சிரிச்சான் பாருங்க! லேத் தூக்கினவன்!

எல்லாம் கழட்டி முடிச்சதும் ரகு எண்ணிப் பாத்தான். "ஏழுதான் இருக்கு." முகம் வாடிப்போச்சு. வெள்ளைச் சட்டையோட படியில மண்டி போட்டு, பெட்ரோல் நாத்தத்துல மூலை மூலையா தடவினான். கடைசில அது என் செருப்புக்கு அடியில இருந்துச்சு. நான் கமுக்கமா காலை நகத்தி, "இதோ, இங்கே கிடக்கு!"ன்னேன்.

வண்டி லேசா சாஞ்சுது. பாஸ்கரும் ரகுவும் தூக்கி மொட்டைமாடிக்கே கொண்டு போயிட்டாங்க. வழி திறந்துச்சு.

"ஒண்ணு நாப்பது"ன்னாரு மாப்பிள்ளையோட அப்பா. "ரயில் போயிருக்கும்."

மேல் வீட்டுல நாத்தம் போற வரைக்கும் அடுப்பு மூட்ட முடியாது. எங்க சமையக்கட்டு பின்பக்கம், படிக்கு ரொம்பத் தள்ளி; அதனால எல்லாருக்கும் சாப்பாடு எங்க வீட்டுல. மாலதி இருந்த வத்தக்குழம்பைத் தண்ணி விட்டு விளாவி, அப்பளம் பொரிச்சு, எங்க குழந்தையையும் சேத்து ஒம்பது பேருக்கு இலை போட்டா. அந்த அம்மா என் பொண்டாட்டியோட காட்டன் புடவையைக் கட்டிக்கிட்டு, கறை பட்ட பட்டைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு சாப்பிட்டாங்க. எனக்கு மட்டும் மோர் சாதம். ஊறுகாய் கேட்டேன். மாலதி பாத்த பார்வையில வேண்டாம்னுட்டேன்.

அந்த நேரம் பாத்து கனடாவுல இருந்து போன். அங்கே நடுராத்திரியா இருக்கும்.

"மாப்ளே, வண்டியை ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு மச்சான்."

"டயர் தரையில படல இல்ல?"

"தரையில என்ன மச்சான், ரெண்டு டயரு வண்டியிலயே படல."

போனை வெச்சுட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அந்த அம்மா வாசல்ல நின்னாங்க. ஓனர் கையைக் கட்டிக்கிட்டு, "அப்போ... போய் போன் பண்ணுங்க"ன்னாரு.

"போன் எல்லாம் எதுக்குங்க?"ன்னாங்க.

ஓனர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அஞ்சாவது வரனை அடிச்சு விரட்டின பாவம் என் தலையிலன்னு நெனச்சேன். வீட்டைக் காலி பண்ண எத்தனை நாள் டைம் குடுப்பாருன்னு கணக்குப் போட ஆரம்பிச்சுட்டேன்.

"எங்க வீட்டுல மிக்ஸி ஓடி ரெண்டு மாசம் ஆச்சு. இவங்க அப்பா மணி பாப்பாரு, இவன் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவான்"னு மகனைக் காட்டினாங்க. "நீங்க நாள் பாருங்க. பொண்ணுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க."

எல்லாரும் வித்யாவைப் பாத்தோம். அவ ரகுவைப் பாத்தா. அவன் முழங்கால் ரெண்டுலயும் படி அழுக்கு.

"எட்டாவது நட்டைத் தேடினாரு. எனக்கு சரி"ன்னா.

தை மாசமே கல்யாணம். ஓனர் என்னை வீட்டைக் காலி பண்ணச் சொல்லல. திட்டக்கூட இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை படிக்குக் கீழே ஒரு போர்டு மட்டும் மாட்டினாரு. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூணு மொழியிலயும், தெளிவா, கொட்டை எழுத்துல:

"கனரக வாகனங்களுக்கு அனுமதி இல்லை."