லினக்ஸ் அனுப்பிய கல்யாணப் பத்திரிகை

'தெரியாது' என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல முப்பது வயது வரை எனக்கு வாய் வந்ததில்லை. சென்னையில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்ததும் இந்த வியாதி முற்றிவிட்டது. அப்போதுதான் தங்கை எஸ்தரின் கல்யாணத்துக்காகக் குத்தாலம் வந்தேன்.

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள். அப்பா அறையில் பழையது. கூடத்தில் சிங்கப்பூர் அண்ணன் வாங்கித் தந்த புதியது, பிரிண்டரோடு. இரண்டிலும் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டது நான். (வைரஸ் வராதாம். என்னைவிடப் பெரிய வைரஸ் எங்கிருந்து வரும்?) ரிட்டையர்டு வாத்தியாரான அப்பா, பத்திரிகை அனுப்ப வேண்டியவர்களின் விலாசங்களை ஒரு மாதமாக ஒற்றை விரலால் தட்டித் தன் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்.

"தரங்கம்பாடியில ரெண்டு நாள் சபைக் கூட்டம். நான் வர்றதுக்குள்ள விலாசத்தையெல்லாம் பிரிண்ட் எடுத்து, கவர்ல ஒட்டி, தபால்ல சேத்துரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பென் டிரைவில் எடுத்துவந்தால் ஐந்து நிமிட வேலை. அப்படிச் செய்தால் நான் என்ன இன்ஜினியர்? இரண்டுக்கும் நடுவே கேபிள் இழுத்தேன். கூடத்துக் கம்ப்யூட்டரில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி, இரண்டு பக்கமும் திறக்கும்படி பகிர்ந்தேன். அப்பாவின் கம்ப்யூட்டரோ 'அனுமதி இல்லை' என்று மத்தியானம் வரை ஒரே பாட்டு.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடா சொல்லுது?"

"அனுமதி இல்லைங்குதும்மா."

"நம்ம வீட்டுக்குள்ளயே உனக்கு அனுமதி இல்லையா? நல்ல படிப்புடா!"

ரோஷம் வந்துவிட்டது. பூட்டையெல்லாம் திறந்துவிட்டு, அந்தக் காலி ஃபோல்டரை அப்பாவின் விலாசங்கள் இருந்த இடத்திலேயே கொண்டுபோய் மாட்டினேன். மாட்டிக்கொண்டது! திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

அப்பாவின் ஒரு மாத உழைப்பும் அழிந்துவிட்டது என்றே நினைத்தேன். பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். ஃபைல் அழிந்துபோனால் கம்ப்யூட்டரைத் தொடாதே, அப்படியே விடு என்று எவனோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். அப்படியே விட்டேன். அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து அண்ணன் கல்யாணத்து விலாச நோட்டைச் சத்தமில்லாமல் எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, கை ஒடிய ஒடிய அத்தனை கவரிலும் எழுதி மறுநாள் தபாலில் சேர்த்தேன்.

திரும்பி வந்தால் கரண்ட் போய் வந்திருந்தது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்திருந்தது. ஃபோல்டரில் அப்பாவின் விலாசங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன! பழைய போஸ்டர் மேல் புது போஸ்டர் ஒட்டுகிற மாதிரி, காலி ஃபோல்டர் மேலே உட்கார்ந்து அவற்றை மறைத்திருக்கிறது. கரண்ட் போனதும் அது கழன்றுவிட்டது, அவ்வளவுதான்.

நிம்மதியாகப் பட்டியலைப் படித்தேன். குடவாசல் சித்தப்பாவின் பெயரைக் காணோம். பகீரென்றது. அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு, பூர்வீக நிலத்துக்கு யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்று அப்பாவும் தம்பியான அவரும் முட்டிக்கொண்டு, ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. "இனி என் வீட்டு நல்லது கெட்டதுல அவன் மூஞ்சி தெரியக் கூடாது" என்பது அப்பாவின் சட்டம். நானோ பழைய நோட்டைப் பார்த்து யோசிக்காமல் அவருக்கும் 'குடும்பத்தோடு' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அப்பா கத்தினால் எஸ்தர் கதி என்ன? சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். வாய் வந்தால்தானே!

கல்யாணத்தன்று சர்ச் வாசலில் முதல் ஆளாக வந்து இறங்கினார் சித்தப்பா. நேராக வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கவர்ல உங்க பேரைப் பாத்ததுலேர்ந்து எனக்குச் சோறே எறங்கலண்ணே" என்று ஓவென்று அழுதார்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். என் மூஞ்சியே காட்டிக்கொடுத்திருக்கும்.

"வாடா" என்றார் சித்தப்பாவிடம். "காலையில எதாவது சாப்பிட்டியா?" குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அழுகை பொங்கிவிட்டது. (மாப்பிள்ளை வீட்டார் எனக்குத் தங்கை மேல் எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்களாம்.)

சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் கேட்டுவிட்டு, "பென் டிரைவ் எதுக்குடா இருக்கு, கழுதை" என்று மட்டும் சொன்னார்.

பிறகு விஷயம் சித்தப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. இப்போது இருவரும் வாராவாரம் சந்திக்கிறார்கள், வாராவாரம் தவறாமல் சண்டையும் போடுகிறார்கள். சண்டை முற்றினால் அப்பா என்னைக் கூப்பிடுவார்.

"டேய், அந்தக் காலி ஃபோல்டரைக் கொண்டாந்து இவன் மேல மாட்டு. கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியாம இருக்கட்டும்."

சித்தப்பா அசைய மாட்டார். "மாட்டுடா, நல்லா மாட்டு. கரண்ட்டு போனா நான் திரும்ப வந்துருவேன்."