ஒன்பது மேசைகளும் ஓர் ஆதரவு மனுவும்

பேரன்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் பணிவுடன் எழுதுவது. இங்கே என் மனைவி, பிள்ளைகள், அலுவலக ஜெராக்ஸ் இயந்திரம் உட்பட எல்லாரும் ஓரளவு நலம். அக்காவும் நீங்களும் அதைவிடக் கூடுதல் நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் இப்போதெல்லாம் வீட்டிலும் பிரிவு எண் போட்டுத்தான் பேசுகிறீர்கள் என்று அக்கா போனில் குறைப்பட்டுக்கொண்டாள். புதிய சுங்கச் சட்டத்தை எழுதும் குழுவுக்குச் செயலாளர் என்றால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள் என்றேன். நான் எழுத வந்ததும் அந்தச் சட்டம் பற்றித்தான்.

வணிகர்கள் தங்கள் ஆதரவை எழுத்தில் தரலாம் என்று உங்கள் குழு அறிவித்ததும் எங்கள் இறக்குமதியாளர் சங்கத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். நான் போன் பேச வெளியே போய்த் திரும்புவதற்குள் என்னையே அமைப்பாளராக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முப்பது வருஷமாகச் சுங்கத்திலிருந்து பிறர் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்ட், பழைய சட்டத்தின் கோளாறு இவரைவிட யாருக்குத் தெரியும் என்றாராம் தலைவர். அவர் பல் மருத்துவக் கருவிகள் விற்பவர். அவர் வரவழைத்த ஆறு நாற்காலிகள் கிடங்கில் மாட்டிக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியாது. பழைய சட்டத்தின் பட்டியலை எழுதியவர்கள் பல் மருத்துவ நாற்காலியைக் கண்ணால் கண்டதில்லை போலிருக்கிறது, அதனால் அதை முடிதிருத்தும் நாற்காலி என்று போட்டார்கள், போட்டதும் சுகாதாரப் பிரிவு வந்து நாற்காலியில் முடி ஒட்டியிருக்கவில்லை என்று சான்றிதழ் கேட்டது, பிரிக்காத பெட்டிக்குள் முடி எப்படி ஐயா போகும் என்று கேட்டேன், அதையே எழுத்தில் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன், மூன்று பிரதிகள், அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. புதுச் சட்டம் வந்தால் ஒன்பது மேசை ஏறி இறங்க வேண்டாம், கம்ப்யூட்டரில் ஒரே படிவம், கப்பல் கரை சேரும் முன்பே பரிசீலனை முடிந்துவிடும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்.

மனுவை என் அலுவலகத்திலேயே டைப் செய்தோம். அங்கேதான் கோட்டை விட்டோம். எங்கள் டைப்பிஸ்ட் அம்மா பத்தொன்பது வருஷமாகச் சரக்கு விண்ணப்பம் தவிர வேறெதையும் அடித்ததில்லை. பழக்க தோஷத்தில் அதே படிவத்தைத் திறந்து, சரக்கின் பெயர் என்ற இடத்தில் ஆதரவு என்றும், பொதிகள் ஒன்று என்றும், எடை நானூறு கிராம் என்றும் அடித்துவிட்டார். கெட்டுப்போகும் பொருளா என்ற கேள்விக்கு, கடைசித் தேதி நெருங்குகிறதே என்று யோசித்து, ஆம் என்று போட்டிருந்தார். நானும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். கட்டம் எதுவும் காலியாக இல்லாததால் எனக்கு எல்லாம் சரியாகவே பட்டது.

சங்கத்து ஆட்களிடம் கையெழுத்து வாங்கும் வேலையை, நாங்கள் எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடும் எங்கள் அலுவலக ஆளிடம் கொடுத்தேன். என்னிடம் இருபத்தாறு வருஷமாக இருப்பவர். வேலை என்னவென்றால், சுங்க அலுவலகத்தின் ஒன்பது மேசைகளுக்கும் கோப்பை எடுத்துக்கொண்டு நடப்பது. எந்த அதிகாரி எப்போது டீ குடிக்கப் போவார், எவர் முகத்தில் எந்தக் கிழமை சிரிப்பு இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் தாளில் முத்திரை விழும் மூலையைத் தவிர வேறெங்கும் அவர் பார்த்து நான் கண்டதில்லை. ஆறே நாளில் அத்தனை கடையும் ஏறி முடித்துவிட்டார்.

மனு உங்கள் அலுவலக வரவேற்பு மேசைக்குப் போனது. அங்கிருந்தவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, இது சரக்கு என்று சுங்கத்துக்கு அனுப்பிவிட்டார். சுங்கத்தில் பட்டியலைப் புரட்டினார்கள், ஆதரவு என்ற சரக்கு அதில் இல்லை, இல்லாத சரக்கை விட முடியாது என்று கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கெட்டுப்போகும் பொருள் என்றிருந்ததால் குளிர் அறையில் வைத்தார்கள், அந்த அளவுக்கு ஒழுங்கு. பழைய சட்டத்தை மாற்றச் சொல்லும் மனுவைப் பழைய சட்டப்படி மீட்க எக்ஸ்பிரஸ் ஒன்பது நாள் நடந்தார், நாளுக்கு ஒரு மேசை. கடைசித் தேதிக்கு முதல் நாள், சில்லிட்டுப் போயிருந்த மனு ஒன்பது முத்திரைகளோடு உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது.

இனிதான் விஷயம். ஒன்பதாவது மேசை அதிகாரி முத்திரை குத்திவிட்டு எக்ஸ்பிரஸைப் பார்த்து, "இது பாஸாயிடுச்சுன்னா உங்களுக்கு இங்க வேலையே இருக்காதே" என்றாராம். இதை எனக்குச் சொன்னதும் அந்த அதிகாரிதான், போனில், சிரித்துக்கொண்டே. எக்ஸ்பிரஸோ ரசீதை என் மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அத்தான், எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மனிதரின் வேலையை ஒழிக்கும் மனுவை அவர் கையிலேயே கொடுத்து ஊரெல்லாம் நடக்கவிட்டிருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது. நாலு நாளாக அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், அவர் உள்ளே வரும்போதெல்லாம் ஜெராக்ஸ் இயந்திரத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் அவர் எங்கே போய் வேலை கேட்பார்?

ஆகவே உங்களை வேண்டிக் கேட்பது ஒன்றுதான். சங்கத்துக்குத் தெரியாமல் அந்த மனுவைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அது முடியாதென்றால் புதுச் சட்டத்தில் ஏதாவது ஒரு மூலையில் ஒரே ஒரு மேசையை மட்டும் விட்டுவையுங்கள். ஒரு மேசையாவது இருந்தால் அவரை வைத்துக்கொள்ள எனக்கொரு சாக்கு இருக்கும்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள், தங்களுக்கு என் மரியாதை மூன்று பிரதிகளில்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்துவிடாதீர்கள். கடிதத்தை உங்களிடம் சேர்க்கச் சொல்லி எக்ஸ்பிரஸிடம்தான் கொடுத்தேன், வேறு ஆள் ஏது. உறையை ஒட்ட மறந்துவிட்டேன். மாடிப்படி இறங்கியவர் திரும்பி ஏறி வந்தார். "சார், நான் படிச்சுப் பாக்காத தாளை இதுவரைக்கும் ஒரு டேபிள்லயும் வெச்சதில்ல. அந்த மனுவுல முதல் கையெழுத்தே என்னுதுதான்" என்றார். நகலை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துக்கும் மேலே அவருடையது இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் நடப்பது என்று எழுதியிருக்கிறார். வேலை போய்விடுமே என்றேன். "சரக்கு மாட்டிக்கிச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லும் சார், ஏன் மாட்டிக்கிச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். ஒரு நாற்காலி மட்டும் போட்டுக் கொடுங்க, முழங்கால் ரெண்டும் போச்சு" என்றார். இருபத்தாறு வருஷத்தில் என் அலுவலகத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி இல்லை என்பது அவர் கேட்டபிறகுதான் என் கண்ணில் பட்டது. சட்டத்தைச் சீக்கிரம் நிறைவேற்றுங்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு உங்கள் எதிரே நிற்பவர் அவர்தான், முதலில் உட்காரச் சொல்லுங்கள்.