நிறுத்தத்தில் ஆள் நின்றால்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம், என் மூளை அதைவிட நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியம்தானே? போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பாய்வாய், அதனால்தான் கடிதம்.

புற்றுநோய் வைத்தியம் முடிந்தவர்களுக்கு மறதியும் கவனக்குறைவும் எவ்வளவு என்று வண்டி ஓட்டவைத்துப் பார்க்கிறார்களே, அந்த ஆராய்ச்சிக்கு இன்று ஆஸ்பத்திரிக்குப் போய், வந்ததும் வராததுமாக இதை எழுதுகிறேன். நீதானே "ரிசல்ட் நல்லா வந்தாத்தான் கார் சாவியத் தருவேன்ப்பா" என்று கறாராகச் சொன்னாய்? துணைக்கு வந்த அம்மா என்னை உள்ளே உட்காரவைத்துவிட்டு மருந்து வாங்கப் போனாள். வண்டி என்றால் நிஜ வண்டியில்லை. ஒரு நாற்காலி, ஒரு ஸ்டியரிங், எதிரே பெரிய திரையில் ஓடும் சாலை. காலமெல்லாம் பஸ் ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா? முதல் திருப்பத்திலேயே பஸ் ஸ்டாப். குடையோடு ஒரு அம்மாள், பக்கத்தில் ஒரு பள்ளிப் பிள்ளை. நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த பொம்மைக் கார்களெல்லாம் ஹாரன் அடிக்கின்றன, நான் அசையவில்லை. ஆராய்ச்சி செய்கிற பெண் ஓடிவந்தாள்.

"ஏன் சார் நின்னுட்டீங்க? தலை சுத்துதா?"

"ஆளு நிக்குதும்மா."

"அது படம் சார்! நீங்க ஓட்டுறது காரு!"

"இருக்கட்டும்மா. மழை வேற வர்ற மாதிரி இருக்கு."

அடுத்த ஸ்டாப்பிலும் நின்றேன். கால் என் பேச்சைக் கேட்டால்தானே! அந்தப் பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

உன்னிடம் மறைப்பானேன். அடுப்படிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறேன். பேத்தியின் பெயர் தொண்டைவரை வந்து நின்றுவிடுகிறது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறுத்தத்தில் காத்திருந்த ஒருவரைக்கூட விட்டுவிட்டு வந்தவனில்லை உன் அப்பா. அவர்கள் என்ன மார்க் வேண்டுமானாலும் போடட்டும், நீ சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பு.

குழந்தைக்கு என் முத்தங்கள். அம்மாவும் உங்கள் எல்லோருக்கும் ஆசி சொல்கிறாள். சத்தத்தையே காணோம், உள்ளே ஏதோ வேலையாக இருக்கிறாள் போலிருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: இப்போதுதான் போன் வந்தது. உன் அம்மா. மருந்துக்கடை வரிசையில் நின்றவளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். திட்டுவாள் என்று பயந்தேன். "பதறாதீங்க. ஆஸ்பத்திரி வாசல் பஸ் ஸ்டாப்புலதான் உக்காந்திருக்கேன். நீங்க வந்து நிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். சாவி உன்னிடமே இருக்கட்டும்மா. நான் பஸ்ஸில் போய் அழைத்து வருகிறேன்.